கன்னத்தில் வரைந்த நிழல்

ஸ்டுடியோக்காரரின் மகளுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பதாகப் பிறந்தபோதே சொல்லியிருந்தார்கள். வளர வளரத் தானாக மூடிக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார்கள். மூடவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதி ஏறியதும் உதடு நீலம் பாரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர்.

ஸ்டுடியோக்காரர் அப்போதுகூட அவ்வளவாகக் கலங்கவில்லை. அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. சொல்லப்போனால் அந்தத் தெருவில் பாதிப் பேருடைய அட்டைக்குப் படம் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். அட்டைக்கு லேமினேஷனும் அவர் கடையில்தான். "பத்திரமா வெச்சுக்கோங்க, ஆபத்துக்கு உதவும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கையில் கொடுப்பார்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குப் போனார். அங்கிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஆபரேஷன் திட்டத்துல இருக்கு சார். எங்க ஆஸ்பத்திரிதான் திட்டத்துல இல்ல."

"போன வருஷம் இருந்துச்சேம்மா?"

"இருந்துச்சு. கவர்மெண்ட் பழைய பில்லுக்கே இன்னும் பணம் அனுப்பல. எங்காளுங்க வெளியில வந்துட்டாங்க."

"அப்ப யாரு செய்வாங்க?"

"பெரியாஸ்பத்திரியில திட்டம் இருக்கு. ஆனா அங்க இந்த ஆபரேஷனுக்கு மெஷின் இல்ல. வந்துடும்னு சொல்றாங்க."

பெரியாஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு டாக்டர் உட்காரவைத்து, பொறுமையாக, மெஷின் எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்றார். "உங்க பொண்ணு காத்திருக்க மாட்டா சார், வேற வழி பாருங்க" என்று தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். வெளியில் வந்து பஸ் ஏறியபோதுதான் ஸ்டுடியோக்காரருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

வேற வழியை முதலில் போன ஆஸ்பத்திரியே காட்டியது. நோயாளிகளின் குடும்பத்தோடு பேசுவதற்கென்று ஒரு அம்மா அங்கே இருந்தார். இணையத்தில் படம் போட்டு ஊர் உலகத்திடம் உதவி கேட்டுத் தருகிற கம்பெனி ஒன்று இருப்பதாகவும், நல்ல மனசுக்காரர்கள் எவ்வளவோ பேர் இருப்பதாகவும் அவர் சொன்னார். ஸ்டுடியோக்காரரின் மனைவிதான் கேட்டாள்.

"உதவின்னா, கையேந்தறதுதானே மேடம்?"

"அப்படி நினைக்காதீங்கம்மா. இப்பல்லாம் எல்லாரும் பண்றதுதான்."

மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். தங்கமான பையன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான், குழந்தைக்குச் சாக்லேட் கொண்டுவந்திருந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தவன், "ரொம்ப வெளிச்சமா இருக்கு சார்" என்று டியூப் லைட்டை அணைத்தான். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக் குழந்தையை உட்காரவைத்தான். என்ன செய்கிறான் என்று ஸ்டுடியோக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படி உட்கார்ந்தால் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும், கண்ணுக்குக் கீழே கறுப்பு கட்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு அப்படி ஆகாமல் இருக்கத்தானே அவர் இத்தனை வருஷமாக வெளிச்சத்தைப் பரப்பும் குடையையும் விளக்கையும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், உங்க தொழில் என்னன்னு சொல்லலாம்?"

"போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். வாடகைக் கடைதான்."

பையன் தயங்கினான். "கடைன்னு சொன்னா பணம் போடறவங்களுக்கு மனசு வராது சார். தப்பா எடுத்துக்காதீங்க. கூலி வேலைன்னு போட்டுக்கலாமா?"

ஸ்டுடியோக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் யாரும் சொல்லாமலே தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கோங்க தம்பி" என்றாள்.

குழந்தைதான் ஒத்துழைக்கவில்லை. கேமராவைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று தவழ்கிற வயதிலிருந்து அப்பா பழக்கியிருந்தார். போனை அவள் பக்கம் திருப்பியதும் முன்பல் இரண்டும் தெரியச் சிரித்தாள். திரும்ப எடுத்தான், திரும்பச் சிரித்தாள். பையன் பாவம், ஸ்டுடியோக்காரரைப் பார்த்தான்.

"சிரிக்காதம்மா" என்றார் அவர்.

"ஏம்ப்பா?"

"இந்தப் படத்துக்கு வேணாம்."

அவளுடைய முகம் விழுந்துபோனது. பையன் அதைப் படம் பிடித்துக்கொண்டான். பிறகு போனை ஸ்டுடியோக்காரர் பக்கம் திருப்பி, ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லச் சொன்னான். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. பையன் மெதுவாக, "தேங்க்ஸ் சார், இது போதும்" என்றான். அந்தப் 'போதும்' வெகு நாள் காதில் கிடந்தது.

பணம் மளமளவென்று வந்தது. அவர் நினைத்துப் பார்க்காத ஊர்களிலிருந்து, பெயரே போடாமல், வந்துகொண்டே இருந்தது. கூடவே மற்றதும் வந்தது. கடைக்கு எதிரே இருந்த தையல்காரர், "என்னய்யா, கூலி வேலைக்குப் போறியாமே, எப்பலேருந்து? எனக்கும் ஒரு இடம் சொல்லி வையேன்" என்றார். எப்போதும் கிண்டல் பேசுகிற மனிதர்தான், ஆனால் இந்த முறை சிரித்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மிச்சத்தை வாங்காமல், "இருக்கட்டும், பாப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். சில்லறையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினார் ஸ்டுடியோக்காரர். அவரைப் பிடிக்க முடியவில்லை. திரும்பி வருகையில் தெருவே தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அன்றைக்கே, பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்ற சாக்கில் கடையைப் பூட்டினார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். நர்ஸ்கள் அவனைத் தக்காளி என்று கூப்பிட்டார்கள். அவனுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அதற்குக் கொடுத்த மருந்தில் முகம் ஊதி, கன்னம் இரண்டும் உருண்டு சிவந்து பளபளத்தன. பெயர் அவனுக்குப் பிடித்தே இருந்தது. வந்த அன்றே ஸ்டுடியோக்காரரின் மகளிடம், "உனக்கு நெஞ்சுல ஓட்டையாமே, காத்து வருமா?" என்று கேட்டான். "உன்னை அரைச்சா சட்னி வருமா?" என்றாள் அவள். அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அவனுடைய அம்மாவுக்கு ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற வேலை. படுக்கை விரிப்பும் துண்டுமாக நாள் முழுக்க வெந்நீரில் கை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். தக்காளிக்குத் தேவைப்பட்டது விலை கூடின ஒரு ஊசி, பல தடவை போட வேண்டியது. அது திட்டத்திலேயே இல்லை. எனவே அவனையும் அதே கம்பெனிப் பையன் படம் எடுத்துப் போட்டிருந்தான். பணம் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் தக்காளியின் அம்மா தன் போனை நீட்டினாள். "என்னென்னமோ எழுதியிருக்காங்கண்ணா. எனக்கு அவ்வளவாப் படிக்க வராது. என்னன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். 'பையன் கொழுகொழுன்னு இருக்கானே, இவனுக்கா சீக்கு?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'எங்க வீட்டுப் பிள்ளையைவிட இவன் நல்லா சாப்பிடறான்' என்று இன்னொருவர். 'இதுவே ஒரு பிழைப்பாப் போச்சு' என்று ஒருவர். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள்.

"சீக்கிரம் குணமாகணும்னு எழுதியிருக்காங்கம்மா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்புறம் ஏண்ணா காசு போட மாட்டேங்கறாங்க?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதை மடியில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "எனக்குக் கேமராவைக் கண்டா அழுகையே வரலண்ணா. வெக்கம் வந்து சிரிச்சுட்டேன். அதனாலதான் இருக்கும். நீங்க எப்படி அழுதீங்க?"

அவர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், கம்பெனிப் பையன் தன்னிடம் என்னென்ன சொன்னானோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல சேலை வேண்டாம். கேமராவைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். அவன் இல்லாத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லச் சொல்ல அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அதையும் போட்டார்கள். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுபோனது. பார்க்கிறவர்கள் கண் அவன் கன்னத்திலேயே போய் நின்றது. ஊசிக்குப் பணம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் நெருக்கினார்கள். அவள் போனை விற்று மாத்திரை வாங்கினாள்.

ஸ்டுடியோக்காரர் தக்காளியைத் தனியாக ஒரு படம் எடுத்தார். "சிரிக்காதடா" என்றதும் அவன் வாயை இறுக்கி மூடி, ராஜா மாதிரி விறைப்பாக உட்கார்ந்தான். மறுநாள் மத்தியானம் கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அவர் கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர். பெண் பார்க்கும் படமென்றால் முகப்பரு தெரியாமல் எடுப்பார், கண்ணுக்குக் கீழிருக்கும் கருவளையத்தை மறைப்பார், ஆனால் திருத்தியது யாருக்கும் தெரியாது. அதே கை இப்போது தக்காளியின் கன்னத்தில் நிழல் வைத்தது. எலும்பு எங்கே இருக்கும் என்று தேடி, அதற்குக் கீழே குழி பறித்தது. கண்ணை உள்ளே தள்ளியது. உதட்டுச் சிவப்பை எடுத்துவிட்டு மண் நிறம் பூசியது. மருந்து ஊதவைத்த முகம்தானே இது, உள்ளே இருப்பது நோஞ்சான் பிள்ளைதானே, நான் பொய்யாக எதையும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை முடிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நன்றாக வந்திருந்தது. அப்படி நினைத்த அடுத்த நொடியே திரையிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார்.

கம்பெனிப் பையனுக்கு அனுப்பினார். "அண்ணே, இதுதான் வேணும்" என்று பதில் வந்தது. எப்படி எடுத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

பணம் ஏற ஆரம்பித்தது. தக்காளியின் அம்மா நர்ஸ் போனை வாங்கிக் கம்பெனிக்குப் பேசுவாள், பேசிவிட்டு முகமெல்லாம் மலர்ந்து வருவாள். "பாதி வந்துடுச்சாம்ணா! நீங்க எடுத்த படம்தானாம். உங்க கைராசி." அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இதற்கிடையில் அவர் மகளுக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. நினைவு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது, தக்காளிக்கு ஊசி போட்டாச்சா என்று.

ஊசி வரும் முன்னே விஷயம் வந்துவிட்டது. வேறொரு கட்டிலைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி தக்காளியை உற்றுப் பார்த்து, "போன்ல வந்த பையன் நீதானே? நான்கூடக் கொஞ்சம் பணம் போட்டேன். ஆனா நீ நல்லா இருக்கியே!" என்று சந்தோஷமாகப் படத்தைக் காட்டினார். நல்ல எண்ணத்தோடுதான் காட்டினார்.

ஸ்டுடியோக்காரர் ரொட்டி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது தக்காளி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கையில் நர்ஸின் சின்னக் கண்ணாடி. சாப்பிட மாட்டேன் என்கிறானாம். அம்மா காரணம் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் செத்துப்போயிடுவேனா?" என்றான் அவன் திரும்பாமலே.

"என்னடா பேச்சு இது?"

"அப்ப அந்தப் படம்? சாகும்போது நான் அப்படித்தான் இருப்பேனா? டாக்டருக்குத் தெரிஞ்சுதான் முன்னாடியே போட்டுட்டாங்களா?"

அவள் எந்தப் படம் என்றாள். ஸ்டுடியோக்காரர் ரொட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது பொய்டா கண்ணு. நீ அப்படி ஆக மாட்டே. மாமாதான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன்."

அவன் திரும்பினான். "எதுக்கு?"

"உனக்கு ஊசிக்குக் காசு சேரணும்ல, அதுக்கு."

தக்காளி கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"என் மூஞ்சிக்குக் காசு தர மாட்டாங்களா?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து அவருடைய மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் படத்துக்குப் பணம் வந்தது அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோக்காரர் இருவர் முகத்தையும் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் அம்மா அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். "காட்டுங்க" என்றாள். அவர் தன் போனில் எடுத்துக் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கப்பா போறப்ப இப்படித்தான் இருந்தாரு" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. இப்பவே போன் போட்டு எடுக்கச் சொல்லிடறேன்."

அவர் போனை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எவ்வளவு வந்திருக்கு?"

"முக்கால்வாசி."

"படத்தை எடுத்தா நின்னுடுமா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் படித்துக் காட்டியவர்தானே.

"நின்னுடும்."

தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கடந்து போகும்வரை அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பிறகு போனை அவர் கையில் வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "காசு முழுசா சேர்ற வரைக்கும் இருக்கட்டும். ஆனா நீங்க இனிமே எங்க கட்டில் பக்கம் வராதீங்கண்ணா."

அவர் போகவில்லை. மகளைப் பார்க்க மனைவி மட்டும் போய்வந்தாள். அவர் கீழே மருந்துக்கடை வாசலில், செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மகள் வீடு திரும்பிய பிறகு, தக்காளிக்கு ஊசி போட்டுவிட்டதாகவும், மருந்தைக் குறைத்ததில் முகம் வற்றி வருவதாகவும் மனைவி விசாரித்துச் சொன்னாள். அவனுடைய அம்மா இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா என்று அவரும் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை.

கடையை மறுபடி திறந்து சில வாரம் ஆகியிருக்கும். கம்பெனிப் பையன் வந்தான். பாப்பாவை விசாரித்தான், டீ குடித்தான். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, உங்க கை எங்க ஆளுங்க யாருக்கும் இல்ல. நாலஞ்சு குழந்தைங்க படம் இருக்கு. கொஞ்சம் சரிபண்ணிக் குடுத்தா கம்பெனி காசு குடுக்கும்."

"எழுந்திரு தம்பி" என்றார் ஸ்டுடியோக்காரர். "இந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வராதே."

பையன் கோபப்படவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "நான் கெட்டவன் இல்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு மறுப்பில் அவருக்குச் சில நாள் முதுகு நிமிர்ந்திருந்தது. தையல்காரரிடம்கூட முகம் கொடுத்துப் பேசினார்.

அதற்குப் பிறகுதான் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆள் ஆறடி இருப்பார், தோளில் ஒரு கைக்குழந்தை. குழந்தைக்குக் கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள். ஆனாலும் அது யாரைப் பார்த்தாலும் சிரித்தது. வார்டில் யாரோ சொல்லி, கடையைத் தேடி வந்திருந்தார்.

"தக்காளின்னு ஒரு பையனுக்கு நீங்கதான் படம் செஞ்சு குடுத்தீங்களாமே சார். எங்க குழந்தைக்கும் செஞ்சு குடுங்க. சிரிக்குது சார், யாரும் காசு போட மாட்டேங்கறாங்க."

முடியாது என்றார். டிரைவர் நகரவில்லை. சரி, உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்து, ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி, பையன் கேட்ட கேள்வி, தாழ்வாரத்தில் அவள் நின்ற நிலை, எதையும் மறைக்கவில்லை. டிரைவர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பையன் இப்ப எப்படி சார் இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"அதான் சார்" என்றார் டிரைவர். பிறகு, "இது கைக்குழந்தை. இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஸ்டுடியோக்காரரின் மனைவி அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்குள் வந்தாள். இரண்டு ஆண்களையும் பார்த்தாள், குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நீங்க சாப்பிட்டீங்களாண்ணா?" என்று டிரைவரைக் கேட்டாள். அப்புறம் ஒரு கையால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள், எதிர்க் கடையிலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை தெரியாத அளவுக்கு.

குழந்தையின் கன்னத்தில் நிழல் வைக்கிற வேலை முடிய வெகுநேரம் ஆகவில்லை. டிரைவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார். வேண்டாம், போய்வாருங்கள் என்றார் ஸ்டுடியோக்காரர். ஷட்டருக்குக் கீழே அத்தனை உயரத்தையும் மடக்கிக் குனிந்து வெளியேறிய அந்த மனிதர், தெருவில் நின்று மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்து, "ரொம்ப நன்றி சார்" என்றார்.

ஸ்டுடியோக்காரர் காதில் விழாதவர்போல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.